படம் எங்கிருந்து பிறக்கிறது? நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

பினாங்கில் இருபது வருடமாக பாத்திக்கும் (துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றுவது) நீர்வண்ணமும் செய்கிறேன், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது" என்று பலர் கேட்டுவிட்டதால், இந்த வாரம் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, தாளை எடுத்து வைத்தால் ஒன்றுமே தோன்றவில்லை. மனசுக்குள் ஏதாவது வரும்வரை காத்திருக்கலாமா? (பட்டர்வொர்த், கல்லூரி மாணவி)

காத்திருக்காதேம்மா. பிரான்சில் ஓவியர் மோனே 1892லும் 1893லும் ரூவான் நகரத்துத் தேவாலயத்துக்கு எதிரே மாடியில் இடம் பிடித்து, அதே முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். கல் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறிக்கொண்டே இருந்தது, அதைத்தான் அவர் துரத்தினார். நீ ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வா. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை ஒரே இடத்தில் நின்று காலை எட்டு மணிக்கு ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று, மழை விட்டதும் ஒன்று என்று வரைந்து பார். நான் அப்படி உட்கார்ந்தபோது முதல் மூன்று நாள் வெறும் பொம்மைகள்தான் தெரிந்தன. நாலாவது நாள்தான் பொம்மைகளுக்கு இடையில் இருக்கும் நிழல் கண்ணில் பட்டது, அப்புறம் அந்த நிழலை மட்டுமே ஒரு மாதம் வரைந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தோன்றும்.

காசுக்காக, ஒருவர் சொன்னதை வரைந்தால் அது கலையா? (ஜெலுத்தோங், விளம்பரப் பலகை எழுதுபவர்)

தாராளமாகக் கலைதான் அண்ணே. பிக்காசோவின் குவெர்னிக்காவே கேட்டு வாங்கிய படம். 1937 பாரிஸ் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்குக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று அந்த வருடத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டார்கள். மாதங்கள் போயின, எதை வரைவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஏப்ரல் 26இல் ஸ்பெயினில் குவெர்னிக்கா என்ற ஊர்மேல் குண்டு போட்டார்கள். மே முதல் தேதி பென்சிலை எடுத்தவர், ஐந்து வாரத்தில் ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலப் படத்தை முடித்தார். கோபம் வந்தபோது அதைக் கொட்ட ஒரு படமும் அதற்கு ஒரு கெடுவும் முன்கூட்டியே காத்திருந்தன. அதனால் ஆர்டரைக் குறைவாக நினைக்காதீர்கள்.

என் மகன் எந்நேரமும் ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்தே வரைகிறான். சொந்தமாக யோசிக்காமல் போய்விடுவானோ? (சுங்கை டுவா, ஓர் அம்மா)

விடுங்கள், வரையட்டும். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தை, அதுவும் ஜப்பான் படம்தான், அப்படியே பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அப்போது அவருக்கு 34 வயது. உங்கள் பையனுக்குப் பதினொன்று.

பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைவீர்களா?

இல்லை. மெழுகு சூடேறும் சத்தம் காதில் விழ வேண்டும்.

ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்தவருக்கு அந்த யோசனை எப்படி வந்திருக்கும்? (ஆயர் ஈத்தாம்)

லிதுவேனியாக்காரரான எர்னெஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தது அது. அவர் மனசுக்குள் நுழைந்து பார்க்க என்னால் முடியாது, ஆனால் சுவரைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பிள்ளைகள்தான் வண்ணம், சைக்கிள் நிஜ சைக்கிள். பழைய சுவரின் கறையையும் உரிந்த சுண்ணாம்பையும் அவர் மூடவில்லை, படத்தோடு சேர்த்துக்கொண்டார். பாத்திக்கிலும் அப்படித்தான். துணியில் மெழுகு காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் சாயம் இறங்கி நரம்பு மாதிரி கோடு விழும், எங்கே விழும் என்று முழுதாகச் சொல்ல முடியாது. இதே பினாங்கில் சுவா தியான் தெங் ஐம்பதுகளில் பாத்திக்கை உடுத்தும் துணியிலிருந்து சுவரில் மாட்டும் ஓவியமாக மாற்றிக் காட்டினார். அவர் படங்களை நேரில் பாருங்கள், துணி அவரோடு பேசியிருப்பது தெரியும்.

உங்கள் படங்களில் எப்போதும் இடமிருந்து வலமாகச் சரியும் கோடுகள் வருகின்றனவே, அதற்கு என்ன அர்த்தம்? (கோலாலம்பூர்)

இதைக் கேட்டதற்கு நன்றி. பல வருடம் எனக்கே பதில் தெரியாது. மழை என்று சொல்லிக்கொண்டேன், மலைச்சரிவு என்றும் ஒருமுறை சொன்னேன். ஒருநாள் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தபோது, பசியாறிக்கொண்டே சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இது நம்ம மரத்துக் கோடு இல்லையா" என்றார். நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா விடியுமுன் பால்வெட்டப் போவார், விடுமுறையில் நானும் வாளி தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பால்மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாகத்தான் போகும், அதன் வழியே பால் வழிந்து மங்குக் கிண்ணத்தில் சேரும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் கை அந்த அளவைத் தப்பாமல் பிடிக்கும். நான் சாந்திங் (மெழுகு ஊற்றி வரையும் பேனா) பிடிக்கும்போது மணிக்கட்டு திரும்பும் விதம் அங்கிருந்து வந்ததுதான். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கோடு போய்விடுமோ என்று பயந்தேன், போகவில்லை. இப்போதுதான் தைரியமாக நீளமாகப் போடுகிறேன்.

இப்போது என்ன வரைகிறீர்கள்?

கடல் தண்ணீர்மேல் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளுக்குக் கீழே இருக்கும் தூண்கள். கடல் வற்றும்போது தூணில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், அதுவரைதான் தண்ணீர் ஏறும். வீடுகளை எல்லோரும் வரைந்துவிட்டார்கள், எனக்கு அந்தக் கோடு போதும். பதினோரு தூண் முடிந்திருக்கிறது. நாளைக்கு நீர் வற்றுவது காலை ஏழு மணிக்கு, அதனால் மீதிக் கேள்விகளை அடுத்த வாரம் பார்க்கிறேன்.