எம்.பி.பி.எஸ். முடித்தவர் மருந்து ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்க முடியுமா?

தாராளமாக முடியும். ராய் வேஜலோஸையே பாருங்கள். மருத்துவம் படித்து, பாஸ்டனில் நோயாளிகளைப் பார்த்தவர். அப்புறம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்தார். செயின்ட் லூயிஸில் பேராசிரியர். 1975இல் மெர்க் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு வந்து, அதற்குத் தலைமை ஏற்றார்.

அந்தக் கொழுப்பு ஆராய்ச்சிதான் கைகொடுத்தது. உடலில் கொலஸ்ட்ரால் உருவாகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்து அங்கே உருவானது. 1980இல், இதே வகை ஜப்பானிய மருந்து நாய்களுக்குக் கட்டி உண்டாக்கியதாகப் பேச்சு கிளம்பியது. உறுதியான தகவல் இல்லை. ஆனாலும் மனிதர்களிடம் நடந்த சோதனையை உடனே நிறுத்தினார். இந்தப் பதவிக்கு மருத்துவர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பிறகு விலங்குகளில் நீண்ட சோதனை நடத்தி, 1987இல் அனுமதி வாங்கினார்கள்.

அதே ஆண்டு, மெர்க்கின் தலைமைச் செயல் அதிகாரியாக, ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படுவோருக்கெல்லாம் இலவசமாகத் தருவதாக அறிவித்தார்.