வேர்ட் ஆவணத்தில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து குட்டி அடிக்குறிப்புகள் வந்தால் எப்படி அமைப்பது?

கேட்டவர் தேயிலைத் தோட்டப் பாடல்களைத் தொகுத்து ஆய்வேடு எழுதுகிறார். பிரட்டு, காம்பரா, மட்டக்கம்பு என்று பாட்டுக்குப் பாட்டு சொல்விளக்கம். ஒவ்வொன்றும் நாலைந்து சொல்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வரி பிடித்துக்கொள்வதால் பக்கத்தில் அரைவாசி அதற்கே போய்விடுகிறதாம். எல்லாவற்றையும் ஒரே பந்தியாக ஓட்ட முடியுமா?

வேர்டில் முடியாது. அங்கே ஒவ்வொரு அடிக்குறிப்பும் தனிப் பந்தி. நடுவில் இருக்கும் பந்திக் குறியை அழிக்கப் போனால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து மறிக்கும். லேடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் ஃபுட்மிஸ்க் பொதியின் பாரா தெரிவு இதைச் செய்யும். ஆனால் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது லேடெக் பழகச் சொல்ல எனக்கு மனசு வராது.

இலங்கையின் ஹட்டனில் தட்டச்சு, பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். இப்படி வரும் ஆய்வேடுகளுக்கு நான் முதலில் பார்ப்பது கொலம் வசதியைத்தான். வேர்ட் 2013 முதல் இருக்கிறது. ரெஃபரன்சஸ் பட்டியில் ஃபுட்நோட்ஸ் பகுதியின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். வரும் பெட்டியில் கொலம்ஸ் என்ற இடத்தில் 2 அல்லது 3 கொடுத்தால், மேலே பாட்டு வழமைபோல் இருக்க, குறிப்புகள் மட்டும் அருகருகே நிற்கும் கொலங்களாகப் பிரியும். கோப்பு பழைய டொக் வடிவத்தில் இருந்தால் முதலில் டொக்எக்ஸ் ஆக மாற்றிவிடுங்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றியெல்லாம் நீண்ட குறிப்பு வரும் வரலாற்று அத்தியாயத்துக்கு மூன்று கொலம் சரிவராது, குறிப்பு ஒல்லியாக நீண்டு தொங்கும். அதைத் தனி செக்‌ஷனாகப் பிரித்து ஒரே கொலத்தில் விடுங்கள்.

எழுத்தின் அளவை ஒவ்வொரு குறிப்பாகத் தெரிவு செய்து மாற்றவே வேண்டாம். ஃபுட்நோட் டெக்ஸ்ட் என்ற ஸ்டைலை ஒரு தடவை மாற்றினால் போதும். இங்கேதான் தமிழுக்கு ஒரு சிக்கல். ஃபொண்ட் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஓர் அளவு, கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னோர் அளவு இருக்கும். யூனிகோட் தமிழ் இரண்டாவதைத்தான் கேட்கும். மேலே 8 என்று போட்டுவிட்டு எழுத்து சிறுக்கவில்லையே என்று கடைக்கு வருகிறவர்கள் நிறைய. பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத ஃபொண்ட் என்றால் நேர்மாறு, அது லத்தீன் பக்கத்தில் நிற்கும். வரி இடைவெளியை எக்ஸாக்ட்லி என்று இறுக்கவும் வேண்டாம், ‘கீ’யின் தலையும் ‘ழூ’வின் காலும் வெட்டுப்படும்.

ஆனால் பாட்டுகளுக்கு என்றால் நான் இலக்கத்தையே குறைப்பேன். சொல்லுக்குச் சொல் இலக்கம் போட்டால் பாட்டு படிக்கிற மாதிரி இருக்காது, கணக்குக் கொப்பி மாதிரி இருக்கும். பாட்டின் கடைசி வரியில் ஒரே ஓர் அடிக்குறிப்பு போட்டு, “பிரட்டு – காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது, காம்பரா – லயத்து அறை, மட்டக்கம்பு – கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு” என்று அதற்குள்ளேயே ஓட்டிவிடுங்கள். விளக்கத்தில் சொல்லே இருப்பதால் தனி இலக்கம் தேவையில்லை. நீங்கள் கேட்ட ஒரே பந்தியும் கிடைத்துவிடும். அடிக்கடி வரும் சொற்களை முதல் தடவை மட்டும் விளக்கி, பின்னிணைப்பில் அகராதியாகச் சேர்க்கலாம். மேற்பார்வையாளரிடம் முதலே கேட்டுவிடுங்கள், சிலருக்கு இது பிடிக்காது.

அப்புறம், பிரிண்டுக்குக் கொண்டுபோகும்போது பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். கடைக் கொம்பியூட்டரில் உங்கள் ஃபொண்ட் இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து, குறிப்பு பாதி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.