டிஸ்க் போட வாய் இருக்கிறதா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். நல்ல மார்க் எடுத்தால் பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாக அவன் அப்பாதான் வாக்குக் கொடுத்தார். இப்போது அவரே, "அதே பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினால் படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும்" என்கிறார். வீட்டில் சாதாரண லேப்டாப் ஒன்றும் 43 அங்குல டிவியும் இருக்கின்றன. யார் சொல்வது சரி? (வாசகி, திருச்சி)

பதில்: கொடுத்த வாக்கை மாற்றலாமா என்பதை உங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளுங்கள். நான் பணக் கணக்கை மட்டும் பார்க்கிறேன்.

கடைக்குக் கிளம்பும் முன் பையனிடம் கேளுங்கள்: என்ன கேம், யாரோடு? அவன் கூட்டாளிகள் கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆடுகிறவர்கள் என்றால் கன்சோல் (பிளேஸ்டேஷன் போல டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்கி அழகு பார்க்க வேண்டியதுதான். அந்த இரண்டும் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். கால்பந்து, கார் ரேஸ், ஜிடிஏ, ஸ்பைடர்மேன் என்று பட்டியல் வந்தால் கன்சோல் போதும்.

"அதே பணத்தில்" என்ற இடத்தில்தான் உங்கள் கணவரின் கணக்கு இடிக்கிறது. ஐம்பது, ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் பிளேஸ்டேஷன் 5 அளவுக்குப் படம் காட்டும் கம்ப்யூட்டரை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாள் முழுக்க அலைந்து பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்தாலும் கட்டுப்படியாகாது. படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே பாதிப் பணத்தை விழுங்கிவிடும். 2025 கடைசியிலிருந்து ராம் (மெமரி) விலை வேறு ஏறிவிட்டது. அப்புறம் மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ். கன்சோலுக்கு இருக்கிற டிவியே போதும். பிளஸ் ஒன் படிப்புக்கு அந்தச் சாதாரண லேப்டாப் தாராளம்.

ஆனால், வாங்கிய பிறகு வருகிற செலவில் கம்ப்யூட்டர்தான் சிக்கனம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறார்கள், அடிக்கடி தள்ளுபடியும் வரும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எபிக் கடையில் வாராவாரம் இலவச கேம். ஆன்லைனில் சேர்ந்து ஆடத் தனிச் சந்தா கிடையாது. பிளேஸ்டேஷனில் புது கேம் ஒன்று 5,000 ரூபாய் வரை போகும். அதை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும் (ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு இது வேண்டாம்). அவர்கள் கடையில் வாங்கி, டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய பணம் திரும்பாது.

இந்தச் செலவைச் சமாளிக்க ஒரே வழி டிஸ்க். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் வாய் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று நினைத்துப் பலரும் டிஜிட்டலை வாங்கினார்கள். 5,000 ரூபாய் டிஸ்கை ஆடி முடித்து, கீறல் விழாமல் பாதி விலைக்கு விற்றால் 2,500 கைக்கு வரும். நாலு டிஸ்க் கைமாறினால் அந்தப் பத்தாயிரம் வந்துவிட்டது. ஐந்தாவதிலிருந்து லாபம். டிஜிட்டல் மாடலில் வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும்; விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் கொடுத்து வாங்கவும் முடியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோல் விலை குறைவாக இருப்பதைப் பார்த்துச் சபலப்படுகிறவர்களும் கவனிக்க வேண்டும், அதிலும் டிஸ்க் வாய் கிடையாது. ஆனால் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் டிஜிட்டலில் டிஸ்க் டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டலாம். முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும். பழைய தடித்த டிஜிட்டல் மாடலில் அதற்கும் வழியில்லை.

இ.பி. பில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கணவர் கேட்பார். பெரிய கேம் ஓடும்போது கன்சோலுக்குச் சுமார் 200 வாட். தினம் 2 மணி நேரம் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 24 யூனிட்.

ஆக, உங்கள் வீட்டுக்கு டிஸ்க் மாடல் கன்சோல்.

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. இரண்டு கடைகளில் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் பார்த்தேன். பிராசசர் ஒன்றே, ராம் ஒன்றே, விலையில் 12,000 ரூபாய் வித்தியாசம். மலிவானதை வாங்கலாமா? ஜிடிஏ 6 அதில் ஓடுமா? (வாசகர், கோவை)

பதில்: ஆர்டிஎக்ஸ் 4060 என்று கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்டு ஒன்றல்ல. லேப்டாப்பில் வரும் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். ஒல்லியான, சத்தம் போடாத மாடலுக்குக் குறைவாகக் கொடுப்பார்கள். வேகமும் அதற்கேற்பக் குறையும். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இது இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு, டிஜிபி (TGP) என்ற இடத்தில் எத்தனை வாட் என்று பாருங்கள். ராம் ஒரே குச்சியா, இரண்டு குச்சியா என்றும் கேளுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியில் வருவதைவிட எட்டும் எட்டுமாக வருவது கேமுக்கு நல்லது. லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால் இந்த 12,000-த்தை இப்போதே யோசித்துவிட வேண்டும். வாட் அதிகமுள்ள மாடல்தான் விலை கூடியது என்றால் அதையே எடுங்கள்.

ஜிடிஏ 6 இதுவரை பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013-இல் வந்து, கம்ப்யூட்டருக்கு 2015-இல் வந்தது. அதற்காக லேப்டாப் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் திரை) கிடைக்கிறது. தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது மெட்டா குவெஸ்ட் 3 வாங்கி வருகிறேன் என்கிறான், அங்கே பல நூறு டாலராம். இவ்வளவு வித்தியாசத்துக்கு என்ன காரணம்? பையனுக்கு 9 வயது. (வாசகர், மதுரை)

பதில்: 1,500 ரூபாய் பெட்டியில் இருப்பது இரண்டு லென்ஸும் உங்கள் போனைச் செருக ஓர் இடமும். தலையைத் திருப்பினால் படம் திரும்பும், அவ்வளவுதான். நீங்கள் ஓர் அடி முன்னால் வைத்தாலும் குனிந்தாலும் அதற்குத் தெரியாது. குவெஸ்ட் 3-இல் கேமராக்கள் அறையையும் உங்கள் கைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் உள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

சரி, வாங்கலாமா? பையனுக்காக என்றால் பொறுங்கள். மெட்டாவே பெற்றோர் கண்காணிப்புக் கணக்கோடு 10 வயதுக்கு மேல்தான் அனுமதிக்கிறது. உங்களுக்காக என்றால் முதலில் யாரிடமாவது அரை மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். விஆரில் பலருக்குக் குமட்டும். நீங்கள் ஓடுவதாகக் கண் சொல்லும், அசையாமல் நிற்பதாகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படிப்பவருக்கு வருகிற அதே கோளாறு. நின்ற இடத்திலேயே கை வீசி ஆடும் பீட் சேபர் போன்றவற்றில் தொடங்கினால் பிழைத்துக்கொள்ளலாம். கார் ரேஸில் தொடங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு இறங்கவில்லை.

நம் வீடுகளுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும். கூடத்தில் சோபா, டீப்பாய், துணி காயப்போடும் ஸ்டாண்டு போக அவ்வளவு மிஞ்சுமா? மேலே பாருங்கள், ஃபேன். தாழ்வான கூரையில் கையைத் தூக்கி வீசினால் கன்ட்ரோலரும் போகும், விரலும் போகும். கழற்றி ஜன்னலோரம் வைக்கக் கூடாது. லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவதுபோல உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சார்ஜ் சுமார் 2 மணி நேரம் நிற்கும்.

தம்பி வாங்கி வருவதில் இன்னொரு சிக்கல், வாரண்டி வாங்கிய நாட்டோடு போய்விடும். இங்கே ரிப்பேர் என்றால் அவன் அடுத்த முறை வந்து அமெரிக்காவுக்கு எடுத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிளேஸ்டேஷன் விஆர் 2 இருக்கிறதே என்றால், அது தனியாக ஓடாது, பிளேஸ்டேஷன் 5-ஓ, அடாப்டர் மாட்டிய கேமிங் கம்ப்யூட்டரோ வேண்டும், நடுவில் ஒரு கேபிளும் தொங்கும். என்னைக் கேட்டால், கன்சோலோ கம்ப்யூட்டரோ இல்லாத வீட்டில் விஆர் முதல் வாங்கலாக இருக்க வேண்டாம். இரண்டாம் மாதம் அலமாரிக்குள் போகிற பொருள்களில் இதற்கு முதலிடம்.

கேள்வி: இறக்குமதி கன்சோல், 6,000 ரூபாய் குறைவு. பில் கேட்டால் "கடை வாரண்டி தருகிறோம்" என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒருமுறை நானும் நம்பினேன். விசிட்டிங் கார்டின் பின்புறம் "6 மாதம்" என்று பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். நாலாவது மாதம் கன்ட்ரோலர் குச்சி தொடாமலே நகரத் தொடங்கியபோது, கையெழுத்துப் போட்ட தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருந்தால் மட்டும் பணத்தை நீட்டுங்கள். பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் போனால் உங்கள் வாய்ச்சொல்லும் அவர் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும்.

கேள்வி: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் எப்படி? (வாசகி, சென்னை)

பதில்: சின்னவர்களோடு உட்கார்ந்து ஆட அதைப்போல வேறு இல்லை, கேம் அட்டைகளையும் நல்ல விலைக்கு விற்கலாம். ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கிடைப்பதெல்லாம் இறக்குமதிதான், மேலே ஈரோடு வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். அதன் புது மாடலான ஸ்விட்ச் 2 என்று யாராவது மிக மலிவாகக் காட்டினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பானில் மட்டும் விற்கும் மலிவு மாடல் ஒன்று உண்டு. அதன் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், வேறு மொழிக்கு மாற்ற முடியாது.