முகத்திரைத் தடை: எந்தக் காரணம் நின்றது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முகத்தை மூடி வருபவர் யாரென்றே தெரியாது, குண்டுகூட வைத்திருக்கலாம். பெண்ணை அடிமைப்படுத்தும் வழக்கமும் அது. ஹிஜாபையும் பர்தாவையும் பிரான்ஸ் தடை செய்தது, ஐரோப்பிய நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. மற்ற நாடுகள் ஏன் தயங்க வேண்டும்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பிரான்ஸில் தலையை மட்டும் மறைக்கும் ஹிஜாப் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2004 சட்டப்படி தடை, அரசு ஊழியர்களுக்கும் பணியில் தடை. வீதியில் தடையில்லை. நம்மூரில் பர்தா என்றால் முகம் திறந்த கறுப்பு அங்கியும் அதில் அடங்கும். அதற்கும் வீதியில் தடையில்லை. நீங்கள் சொல்வது 2010 அக்டோபரில் இயற்றப்பட்டு 2011 ஏப்ரல் 11 முதல் நடப்பிலுள்ள சட்டம். பொதுவெளியில் முகத்தை மறைக்கும் உடையை யாரும் அணியக்கூடாது என்கிறது அது. மதத்தின் பெயரே அதில் வராது. மருத்துவம், தொழில், விளையாட்டு, திருவிழா ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கெல்லாம் போக மிச்சம் யார் என்பது ஊரறிந்த விஷயம். கண் மட்டும் தெரியும் நிகாப், கண்ணையும் வலைத்துணியால் மறைக்கும் புர்கா அணிவோர் சுமார் 1,900 பேர் என்று அரசே 2009இல் மதிப்பிட்டிருந்தது.

இனி நீதிமன்றம். 2014 ஜூலை 1 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தடையை ஏற்றது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களையும் அது ஏற்கவில்லை. பாதுகாப்புதான் கவலை என்றால் சோதனையின்போது முகத்தைக் காட்டச் சொன்னால் போதும், நாள் முழுக்கத் தடை எதற்கு என்றது. பெண்ணே விரும்பி அணிவதை, பெண்ணுரிமையின் பெயரால் அரசு தடுக்க முடியாது என்றும் சொன்னது. நின்றது மூன்றாவது வாதம் மட்டும்: முகம் பார்த்துப் பழகுவதே சேர்ந்து வாழ்வதன் அடிப்படை என்பது. 17 நீதிபதிகளில் இருவர் அதையும் ஏற்கவில்லை, இது பிடிபடாத கருத்து என்றார்கள். என் கணக்கில் அந்த இருவர் பக்கம்தான் நியாயம். 2018இல் ஐநா மனித உரிமைக் குழுவும் இரண்டு பெண்களின் முறையீட்டில் பிரான்ஸ் உரிமையை மீறியதாகவே முடிவு செய்தது.

தெருவில் நடப்பதையும் பாருங்கள். போலீஸ்காரர் திரையைப் பிடித்து இழுக்கக்கூடாது. விலக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால், அடையாளம் சரிபார்க்க நிலையத்துக்கு அழைத்துப் போகலாம், அதிகபட்சம் 4 மணி நேரம். அபராதம் 150 யூரோ வரை. அதோடு, அல்லது அதற்குப் பதிலாக, குடியுரிமைப் பயிற்சிக்கும் அனுப்பலாம். தண்டனை விதிப்பது நீதிபதி. சொந்தக் கார் தனியிடக் கணக்கு, உள்ளே இந்தத் தடை செல்லாது. மிரட்டியோ அடித்தோ அணியவைத்தவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோவும் உண்டு, மூடவைக்கப்பட்டவர் சிறுமி என்றால் இரட்டிப்பு. காகிதத்தில் இவ்வளவு ஒழுங்கு. 2013 ஜூலையில் பாரிஸ் அருகே டிராப் நகரில் இப்படி ஒரு சோதனை கைகலப்பாகி, இரவுக் கலவரத்தில் முடிந்தது.

இலங்கையில் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியில் முகம் மூடத் தடை வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்தவர்களோ முகம் மூடாத ஆண்கள். விதி சொன்னது முகத்தை மட்டும். அல்லல்பட்டது தலையை மட்டும் மூடியிருந்த பெண்களும்தான், அரசு அலுவலக வாசல்களில்கூட. ஆகஸ்டில் அவசரகாலம் முடிந்ததோடு தடையும் போயிற்று.

2020 மே மாதம் பாரிஸ் மெட்ரோவில் முகக்கவசம் கட்டாயமானது. வாயும் மூக்கும் மூடாவிட்டால் 135 யூரோ அபராதம். அதே பெட்டியில் நிகாபால் மூடினால் 150 யூரோ வரை, அந்தச் சட்டமும் அப்படியே இருந்தது.