கத்தினவன் குடிகாரன், இடம் பங்கிட்டவன் யார்?

கேள்வி: நிறவெறிக்கு எதிராக ஃபிஃபா பதாகை பிடிக்கிறது, ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறது, ஆட்டத்தையே நிறுத்த மத்தியஸ்தருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? நாலு குடிகார ரசிகர்கள் கத்தினால் அதற்கும் காலனித்துவத்தை இழுக்க வேண்டுமா?
— வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: இழுக்கத்தான் வேண்டும். 1966 உலகக்கிண்ணத்தில் மொத்தம் 16 இடம். ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரேயொரு இடம் ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்கள் யாரும் குடித்திருக்கவில்லை. கோட்டும் சூட்டுமாக மேசையைச் சுற்றி இருந்து நிதானமாகச் செய்த வேலை அது. அந்த மேசையை விட்டுவிட்டு ரசிகனின் வாயை மட்டும் பிடிப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

நம் திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரன் கையளித்த அதே 1957இல், ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பு சூடானின் தலைநகர் கார்ட்டூமில் பிறந்தது. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாபிரிக்கா என்று நாலே நாடுகள். முதல் ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிக்குக் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணியை அனுப்ப மாட்டோம் என்றது தென்னாபிரிக்கா. சரி, நீ வர வேண்டாம் என்று மற்ற மூன்று நாடுகளும் ஆடி முடித்தன. ஃபிஃபா என்ன செய்தது? 1961இல் தென்னாபிரிக்காவை இடைநிறுத்தியது. 1963இல், ஆங்கிலேயரான தலைவர் ஸ்டான்லி ரவுஸ் அங்கே போய் வந்த கையோடு, தடையை நீக்கியது. மறுவருடம் டோக்கியோ மாநாட்டில் ஆபிரிக்க, ஆசிய நாடுகள் வாக்குப் போட்டுத்தான் திரும்பவும் நிறுத்த முடிந்தது. அந்த ஒரேயொரு இடத்தைக் கண்டித்து, 1966 உலகக்கிண்ணத்தை ஆபிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தன. அதற்குப் பிறகுதான், 1970இல், ஆபிரிக்காவுக்கென்று ஓர் இடம் கிடைத்தது. பதாகை பிடித்து வந்தது இல்லை.

ஃபிஃபா 2013இல் இனவெறிக்கு எதிராக ஒரு விசேட குழு அமைத்தது. 2016இல் அதன் பணி நிறைவேறிவிட்டது என்று கலைத்தும் விட்டது. 2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா மைதானத்தில், ரியல் மட்ரிட் அணியின் கறுப்பினப் பிரேசில் வீரர் வினிசியஸைக் குரங்கு என்று கத்தினார்கள். அன்றைக்கு, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எழுந்த தள்ளுமுள்ளில், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும் வினிசியஸ்தான். அட்டையைப் பிறகு ரத்துச் செய்தார்கள். கத்தியவர்களில் மூவருக்கு எட்டு மாதச் சிறை என்று அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வினிசியஸ் அந்தப் புற்தரையில் நின்று, கூட்டத்துக்குள் கையை நீட்டி, 'இவன்தான், இவன்தான்' என்று காட்டியிருக்காவிட்டால் அது நடந்திருக்குமா?

அப்புறம், இதெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. போன மாதம் நம் ஊர் மைதானம் ஒன்றில் பொடியன்களின் ஆட்டம். நல்ல கறுத்த பொடியன் ஒருவன் கோர்னர் அடிக்க வந்தான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: 'டேய் காப்பிலி, அடிடா!' எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே குனிந்து, வைத்த பந்தைத் தூக்கித் திரும்பவும் வைத்தான். அடித்த அடி கோல் கம்பத்துக்குப் பின்னால் போனது.

காப்பிலி என்பது ஆபிரிக்கரை இழித்துச் சொல்லும் சொல். அரபு வணிகர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வாய்க்குப் போய், அவர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடு இந்தக் கரையில் இறங்கிய சொல் அது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்திலும் இங்கே திருகோணமலையிலும் இன்னும் இருக்கிறார்கள். அதே சொல்லின் மற்ற வடிவத்தைப் பொலிஸ்காரர்மேல் வீசியதற்குத் தென்னாபிரிக்காவில் ஒரு பெண்ணுக்கு 2018இல் சிறைத்தண்டனை கிடைத்தது. நமக்கு அது பகிடி.

அன்று நானும் வேலியடியில் பேசாமல்தான் நின்றேன். அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த ஆட்டத்துக்கும் அதே இடத்தில் நிற்பேன். நீங்களும் வாருங்கள், அந்தச் சொல் திரும்ப வந்தால் இரண்டு பேராகக் கேட்போம்.