கூலன்ட் குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். இங்கே வந்து ஓராண்டு நிறையவில்லை. வேலைக்குப் போய்வர 14 ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது. நீங்களும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. பட்டறையில் போனட்டைத் திறந்து பார்த்த கையோடு, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, செலவு செய்வதைவிட விற்றுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். குளிர்காலம் நெருங்குகிறது, விற்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்பட்டு விற்காதீர்கள். அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு, போய்விட்டதா என்பது சோதித்துச் சொல்ல வேண்டிய விஷயம். போனட்டைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடியது அல்ல. பழைய காரில் கூலன்ட் வெளியேறப் பல வழிகள் உண்டு. அவற்றில் அதிகச் செலவு வைப்பவற்றில் ஒன்று இது. எளிய வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகுதான் அதனிடம் வர வேண்டும். புது நாட்டில் கையிருப்புப் பணம் எவ்வளவு அருமையானது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கண்டிப்பு: தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். உறைபனி இல்லாத இடத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் ஆபத்து எளிதில் உறைப்பதில்லை. கூலன்ட் அடர்கரைசலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால் அது சுமார் −37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஒவ்வொரு முறையும் கலவை கசிந்துபோக, அந்த இடத்தில் நீங்கள் வெறும் தண்ணீரை நிரப்பினால் இந்தப் பாதுகாப்பு படிப்படியாகக் குறைந்துவிடும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. எஞ்சினின் உள்ளே அது விரிந்தால் வார்ப்பு இரும்பும் பிளக்கும். கசிவுக்காக விற்க நினைத்த காரை, ஒரே இரவுக் குளிர் பழைய இரும்பாக்கிவிடும். அதற்காக அடர்கரைசலை அப்படியே நிரப்பிவிடாதீர்கள். அதன் மூலப்பொருளான கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால், −13 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். காரின் கையேட்டில் எந்த வகை கூலன்ட் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்கும் வகைக்கும் உறுதியான தொடர்பு கிடையாது. பொருந்தாத வகைகள் கலந்தால் துருத்தடுப்புக் கெட்டுப்போகும், சில வேளை குழம்பாகத் திரண்டு குழாய்களை அடைக்கவும் செய்யும். இப்போது உள்ளே இருக்கும் கலவை எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை ஒரு சிறு மானியால் நொடியில் அளக்கலாம். பட்டறையில் முதலில் அதைக் கேளுங்கள்.

இனி கசிவுக்கு வருவோம். உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் தேடுவது வீண் வேலை. கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில், சமதளத்தில், தொட்டியின் வெளிப்புறத்தில் மட்டத்தை ஒரு பேனாவால் கோடிட்டுத் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். சூடானால் திரவம் விரிந்து மட்டம் உயரும். ஆகவே மாலையில் பார்த்ததைக் காலையில் பார்த்ததோடு ஒப்பிடாதீர்கள். நெடுஞ்சாலையில் ஓட்டினால் அதிகம் குறைகிறதா, நின்றுகொண்டிருக்கும்போதே குறைகிறதா என்பது மெக்கானிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துப்பு. நின்றிருக்கும்போதே குறைந்தால் வெளிக் கசிவைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

தரையில் ஈரம் இல்லாததால் வெளியே கசியவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஓடும் எஞ்சினில் கூலன்ட் அழுத்தத்துக்குள் இருக்கிறது. பல கார்களில் கூலன்ட் ஊற்றும் இடத்து மூடியின் மேலேயே அந்த அழுத்தத்தின் எண் பொறித்திருக்கும். 13 முதல் 16 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை சாதாரணம். அந்த அழுத்தம் இருப்பதால்தான் சரிபாதிக் கலவை 129 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. மயிரிழை விரிசல் போதும், சூடான நேரத்தில் அங்கிருந்து தெறிப்பது சுடும் உலோகத்தில் பட்டு ஆவியாகிப் போய்விடும். எஞ்சின் ஆறியதும் அழுத்தம் அடங்கி, விரிசலும் பேசாமல் இருந்துவிடும். ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த தடத்தைத் தேடுங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ உப்புப் பூத்ததுபோல் ஒரு பொருக்கு படிந்திருக்கும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு, குளிர்ந்த எஞ்சினில் மெதுவாகப் பாருங்கள். ரேடியேட்டரில் பிளாஸ்டிக் பக்கமும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ்கள் மாட்டியிருக்கும் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கூடு, கடைசியாகக் கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியே வெளியே வந்து காட்டிக்கொடுப்பதற்காக. துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கியிருந்தால் உங்கள் தேடல் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

மூடியை எளிதாக நினைக்காதீர்கள். அதன் வில்லும் ரப்பரும் தளர்ந்தால் உரிய அழுத்தம் வருமுன்பே கூலன்டை வெளியே விட்டுவிடும். சில கார்களில் மூடி ரேடியேட்டர் மேலும், தொட்டி தனியாகவும் இருக்கும். அப்படியானால் தொட்டி நிறைந்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தொட்டி நிறைய இருக்க ரேடியேட்டர் குறைந்து கிடப்பதும் உண்டு. முழுக்க ஆறிய பிறகு திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். எவ்வளவு அவசரமானாலும் அதைச் செய்யாதீர்கள்.

போனட்டுக்குள் எதுவும் இல்லையா? காருக்குள் வாருங்கள். ஹீட்டருக்காக டாஷ்போர்டின் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது கசிந்தால் தரைக்கு ஒரு சொட்டும் வராது, எல்லாம் கம்பளத்துக்குள் இறங்கிவிடும். முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் எல்லாக் கார்க் கண்ணாடியும் மூடுபனி பிடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஹீட்டரைப் போட்டதும் இனிப்பான ஒரு வாடை வந்து, கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பான படலம் ஒட்டினால், சந்தேகம் வேண்டாம்.

கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபோது கைப்பம்பு வைத்த அழுத்தமானி உதவும். மூடியின் இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவு வரை காற்றடித்து, கால் மணி நேரம் முள்ளைக் கவனிப்பதுதான் சோதனை. என்னுடன் வேலை செய்யும் ஒருவரின் காரிலும் உங்கள் கதையேதான்: ஈரமே இல்லை, ஹெட் கேஸ்கெட் என்ற தீர்ப்பு. காற்றடித்ததும் முள் மெல்ல இறங்கியது, எங்கும் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைத் தொட்டியின் அடிப்பக்கம் கொண்டுபோனபோது, இரண்டு பிளாஸ்டிக் பாதிகள் ஒட்டப்பட்ட இடத்தில் முத்துப்போல் கூலன்ட் திரண்டு நின்றது. துடைத்தோம், மறுபடி திரண்டது. தொட்டியை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமில்லை, கம்பளமும் காய்ந்திருக்கிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டின் முறை. அதற்கும் நேரடிச் சோதனை இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கூலன்டின் மேலே நிற்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் காரில் நீலம் மஞ்சளாக மாறும். இதைச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நீங்களே கவனிக்கக்கூடியவையும் உண்டு: ஆறிய எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, காலையில் கிளப்பும்போது சில நொடிகள் திணறுவது, சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வருவது. குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெண்புகை வெறும் நீராவி, அதற்குப் பயப்படாதீர்கள்.

உங்கள் பட்டறைக்காரர் எண்ணெய் மூடியின் அடியில் இருந்த பால்நிறக் களிம்பைக் காட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். தினமும் குறுகிய தூரமே ஓடும் காரில், குளிர் காலத்தில், எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரம் எண்ணெயோடு கலந்து மூடியில் அப்படிப் படிவது வழக்கமானது. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் எண்ணெய் தெளிவாக இருந்தால் களிம்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் இருந்தால் காரை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

கசிவை அடைக்கும் என்று புட்டியில் விற்பதை ஊற்ற யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது விரிசலோடு நிற்காமல் ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் அடைத்துக்கொள்ளலாம். நடுங்கும் குளிரில் ஹீட்டர் இல்லாத கார் உங்களுக்கு எதற்கு?

கண்டுபிடிக்கும் வரை ஓட்டத்தான் வேண்டுமென்றால், வெப்பமானியை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். கூலன்ட் மிகவும் குறைந்து உணரி காற்றில் நின்றால், எஞ்சின் வேகும்போதும் முள் சாதாரணமாகவே காட்டலாம். சூடான காற்று வந்துகொண்டிருந்த ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று வீசினால், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. சிந்தியதை உடனே துடையுங்கள். குழந்தைகளோ நாய் பூனைகளோ நக்கிவிடக்கூடாது.

பட்டறையில் கேள்வி கேட்கத் தயங்குகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மொழி புதிது, ஊர் புதிது, நமக்கென்ன தெரியும் என்று தோன்றும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "முதலில் அழுத்தச் சோதனை செய்யுங்கள், வெளியே கசிவு தெரியாவிட்டால் கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்ற சோதனையைச் செய்யுங்கள், முடிவை எழுதிக்கொடுங்கள், பிறகு பழுதைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதை வரவேற்பார். மறுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

பம்ப், ஹோஸ், தொட்டி, ரேடியேட்டர் என்று முடிந்தால் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். நீலம் மஞ்சளானால் அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம். வாங்குபவரிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். எதை மாற்றினாலும், உள்ளே சிக்கிய காற்றை முறையாக வெளியேற்றினார்களா என்று கேட்டுக்கொண்டு, பேனாக் கோட்டை இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். அழுத்தம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, ஈரம் எங்கே தெரிந்தது என்பதை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.