படகு புரொப்பல்லரிலும் ஷாஃப்டிலும் சிப்பி பிடிக்காமல் இருக்க ஜிங்க் கட்டி மாட்டினால் போதுமா?

போதாது. கேள்வியில் ஜிங்க் என்று பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். சிப்பிக்கு மருந்து என்று சொல்லியே அதை விற்கிறவர்கள் எங்கள் ராமேஸ்வரம் பக்கமும் இருக்கிறார்கள்.

உங்களுடையது உள்ளே இன்ஜின் வைத்த படகு, தண்ணீரிலேயே கிடப்பது என்று எடுத்துக்கொள்கிறேன். அவுட்போர்டு மோட்டார் என்றால் கரைக்கு வந்ததும் மோட்டாரைத் தூக்கி நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஜிங்க் என்பது துத்தநாகம்தான், அதை மாட்டுவது அரிப்புக்காக. புரொப்பல்லர் செம்புக் கலவை, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால் புரொப்பல்லர் அரிபடும். அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் ஜிங்கின் வேலை. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதானே சிப்பிக் குஞ்சுகளுக்கு விஷம்? கரைவதை நிறுத்தினால் அந்த விஷமும் நின்றுவிடும், சிப்பி இன்னும் சுகமாக உட்காரும். இது நான் கண்டுபிடித்ததில்லை. 1824-லேயே ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பையும் ஜிங்கையும் சேர்த்துப் பார்த்தார். செம்பு அரிக்காமல் நின்றது, ஆனால் பாசியும் சிப்பியும் மொய்த்துக் கப்பலின் வேகம் குறைந்ததால் கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

உடனே "ஜிங்க் வேண்டாம் என்கிறாயா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் புரொப்பல்லரில் இருக்கும் துத்தநாகம் கரைந்துபோய் உலோகம் இளஞ்சிவப்பாகிவிடும். சுத்தியலால் தட்டினால் கணீரென்ற சத்தம் வராது. அப்படிப்பட்ட இறக்கை கடலில் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. அரிப்புக்கு ஜிங்க் போடுங்கள், சிப்பிக்கு வேறு வழி பாருங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என் பெரியப்பாவின் படகு. ஒரு வேலைநிறுத்தத்தின்போது எல்லாப் படகுகளையும்போல அதுவும் வாரக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்தது. பாக் நீரிணையில் தண்ணீர் ஆழமும் இல்லை, சூடும் அதிகம். சிப்பி பிடிக்கக் கேட்கவா வேண்டும்? மறுபடி கடலுக்குக் கிளம்பினால் இன்ஜின் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) ஏறவில்லை, கரும்புகை, சூடு. வந்து பார்த்த சர்வீஸ்காரர் டீசல் பம்ப்பையும் நாசிலையும் கழற்ற வேண்டும் என்று ஒரு தொகையும் சொல்லிவிட்டார். என் அப்பா டிரைவராக இருந்தவர். "நியூட்ரலில் ஆர்பிஎம் சுத்தமா ஏறுது. கியர் போட்டாத்தான் திணறுது. கோளாறு அடியிலதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தார்.

அவர் கொண்டுவந்து காட்டியதை இன்றும் சொல்ல முடியும். விரல் கணு உயரத்துக்குக் கூம்பு கூம்பாகக் கொட்டலசு, இதுவரை சிப்பி என்று நான் சொன்னது இதைத்தான். ஒன்றின் முதுகில் இன்னொன்று, ஒவ்வொன்றின் விளிம்பும் பிளேடு மாதிரி. இறக்கைகள் நடுவில் சேரும் இடத்தில் உலோகமே தெரியவில்லையாம். சுரண்டி முடித்து மேலே வந்தபோது அப்பாவின் உள்ளங்கை முழுக்கக் கீறல். அன்றைக்கே இன்ஜின் பழையபடி ஓடியது. ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கிழக்குக் கரை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு எப்படியும் கரையேறும். அப்போது புரொப்பல்லரைச் சுரண்டுவதோடு நிறுத்தாதீர்கள். சிப்பி போனாலும் அதன் அடித்தட்டு வெள்ளை வட்டமாக ஒட்டியிருக்கும். பழைய சிப்பி இருந்த இடத்தைத் தேடித்தான் குஞ்சு வந்து உட்காரும், அதனால் அந்த வட்டங்களையும் தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்குங்கள். காசு இருந்தால், அதன்மேல் பிரைமரும் சிலிக்கோன் பூச்சும் அடிக்கலாம். அது விஷம் இல்லை, வழுக்கல். படகு ஓடும்போது சிப்பி பிடி நழுவி விழும். அடிக்கடி ஓடும் படகுக்குத்தான் நன்றாகப் பலிக்கும், இரும்புச் சுரண்டி பட்டால் பூச்சு போய்விடும். படகின் அடியில் அடிக்கும் செம்புப் பெயிண்ட்டை அப்படியே புரொப்பல்லருக்கும் அடித்தால், இறக்கை சுற்றும் வேகத்தில் உரிந்துவிடும். அதே பெயிண்ட்டை அலுமினியத்தின்மேல் அடித்தால் அலுமினியத்தையே தின்றுவிடும். கிரீஸ் பூசுகிறவர்களும் உண்டு, இறக்கையில் அது நிற்காது.

ஷாஃப்டை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அரிக்காது. சிப்பி மூடிய இடத்தில் ஆக்சிஜன் இல்லாமல் குழி விழும். சிப்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம் எழுதினால் "மீனவர்கள் பராமரிப்பதில்லை, மானிய டீசலை வீணாக்குகிறார்கள்" என்று யாராவது வருவார்கள். டீசலுக்கு விலை இருக்கிறது, ஐஸுக்கு விலை இருக்கிறது, ஆள் கூலிக்கு விலை இருக்கிறது. நாங்கள் பிடித்து வரும் இறாலுக்கு மட்டும் கரையில் நிற்கிறவர் சொல்வதுதான் விலை. காலையில் ஒன்று, எடை போடும்போது இன்னொன்று. அதைக் கேட்க ஒரு நாதியில்லை. சிலிக்கோன் பூச்சுக்குக் காசு எங்கிருந்து வரும் என்று அவர்களும் யோசிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. படகு தண்ணீரில் இருக்கும்போதே சுரண்ட ஆளை இறக்குவதென்றால் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவியை இறங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கையுறை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். சிப்பி கிழித்த காயம் சீழ் வைத்தால் லேசில் ஆறாது.